காந்தம் ஒட்டாத எவர்சில்வர்தான் அசலா?

கேள்வி: ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் வீட்டுப் பொருள்களைக் காந்தத்தால் சோதித்தபோது, எவர்சில்வர் பாத்திரங்களில் சில ஒட்டின, சில ஒட்டவில்லை. ஒட்டாததுதான் அசல் என்கிறார் பாத்திரக் கடைக்காரர். அது சரியா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பாதிதான் சரி. எந்த எவர்சில்வரிலும் பெரும்பகுதி இரும்புதான். அதைத் துருவிலிருந்து காப்பது குரோமியம். அத்துடன் ஏறத்தாழ 8 சதவீதம் நிக்கலும் சேர்ந்த 304 ரகத்தில் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையே மாறிவிடுவதால் காந்தம் ஒட்டுவதில்லை. நிக்கல் சேர்க்காத 430 ரகத்தில் நன்றாகவே ஒட்டும். ஆனால், விலை கூடிய நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்யும் 200 வரிசை ரகங்களிலும் ஒட்டாது என்பதால், இதை மட்டும் வைத்துத் தரத்தை முடிவு செய்ய இயலாது. ஒட்டுவதெல்லாம் மட்டம் என்பதும் தவறு. இண்டக்‌ஷன் அடுப்புக்குக் காந்தம் ஒட்டும் அடிப்பாகம்தான் வேண்டும்.

மகளின் சோதனையை இன்னும் நுட்பமாக்கலாம். சிறு காந்தம் ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டு, அது அசைவற்று நின்றபின் பொருளை மெல்ல அருகே கொண்டுசென்றால், கைக்குத் தெரியாத இழுப்பும் நூலின் சாய்வில் தெரிந்துவிடும். 304 ரக டம்ளரின் நடுப்பகுதிக்கு அசையாத காந்தம், சுருட்டி மடித்த விளிம்பருகே சற்றே சாய்வதைப் பல டம்ளர்களில் காணலாம். தகட்டை அழுத்தி வளைக்கும்போது அங்குள்ள அணு அடுக்கு ஓரளவு மாறி, காந்தத்துக்கு இணங்கும் அமைப்பைப் பெறுவதே காரணம். ஒரே டம்ளரில் இரண்டு விடைகள் கிடைக்கும் இந்த இடத்தை மகள் அவசியம் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

பழைய, தடித்த 5 ரூபாய் நாணயம் கிடைத்தால் அதையும் சோதிக்கச் சொல்லுங்கள். அதில் 75 சதவீதம் செம்பு, 25 சதவீதம் நிக்கல். தனி நிக்கலைக் காந்தம் இழுக்கும் என்று பாடப்புத்தகம் சொல்வது உண்மையே. எனினும் இவ்வளவு செம்புடன் கலந்தபின் அந்தக் குணம் மறைந்துவிடுவதால் நாணயம் ஒட்டாது.

அலுமினியம், பித்தளை, வெள்ளி, பிளாஸ்டிக் ஆகியவற்றில் வியப்பு ஏதுமில்லை. பித்தளை நிறத் திருகு ஒட்டினால் மட்டும், அது மேலே முலாம் பூசிய இரும்பாக இருக்கக்கூடும். ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்தால் உள்நிறம் தெரியும்.