சத்திரம் வாங்கலாமா?

கே: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் ஆட்டத்தில், புதையல் பொன்னைப் போட்டுச் சாலையோரச் சத்திரம் வாங்கிவிட்டோம். தேறுமா?

ப: நானும் மாட்டியவன்தான்! 2014 டன்ஜன் மாஸ்டர் கைடு என்ற விதிப்புத்தகத்தின்படி அதற்கு நாளுக்கு 10 பொற்காசு செலவு. 1 முதல் 100 வரை விழும் பகடையை உருட்டி, சத்திரத்தைக் கவனித்துக்கொண்ட நாட்களைக் கூட்ட வேண்டும், நாட்களின் உச்சம் 30. கூட்டுத்தொகை அறுபதைத் தாண்டினால்தான் லாபம். அதுவும் 80 வரை அதிகபட்சம் 30 காசுதான், அற்பம். என் கதாபாத்திரமான ட்வார்ஃப் (குள்ளன்) முப்பது நாள் கல்லாவில் உட்கார்ந்தான். பகடையில் விழுந்தது 4, கூட்டினால் 34. அந்த எண்ணுக்குப் பாதிச் செலவு நம் தலையில், அதாவது 150 காசு கையைவிட்டுப் போனது. கட்டாமல் விட்டால் அடுத்தடுத்த உருட்டல்களில் 10 குறையும், அப்புறம் எழுந்திருப்பது கஷ்டம். ஊருக்குள் சத்திரம் என்றால் செலவு பாதிதான். சரி, வாங்கியாயிற்று, வழிப்போக்கர்களிடம் வதந்தியாவது கேளுங்கள். எங்கள் அடுத்த குகைக்கு வழி அப்படித்தான் கிடைத்தது.