போட்ட சில மாதங்களில் பெயர்ந்த சாலைக்கு ஆர்டிஐ மனு போட்டால் பயன் உண்டா?

கேள்வி: எங்கள் தெருவில் போட்ட சிமெண்ட் சாலை நான்கே மாதத்தில் பெயர்ந்துவிட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டால் ஏதாவது நடக்குமா? எப்படி எழுதுவது?

பயன் உண்டு. ஆனால் ஆர்டிஐ மனு சாலையைச் செப்பனிடாது, யாரையும் தண்டிக்காது. ஆவணத்தை உங்கள் கையில் கொண்டுவந்து சேர்க்கும், அவ்வளவுதான். அந்த ஆவணத்தை வைத்து அடுத்த வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும். இதை மனதில் கொள்ளாமல் எழுதுகிற மனுக்கள்தான் பெரும்பாலும் வீணாகின்றன.

"சாலை ஏன் தரமில்லாமல் போடப்பட்டது? யார் பொறுப்பு? என்ன நடவடிக்கை எடுப்பீர்கள்?" என்று எழுதினால், "கோரப்பட்டது தகவல் என்ற வரையறையில் வராது" என ஒரே வரியில் பதில் வந்துவிடும். அலுவலகத்தில் ஏற்கெனவே பதிவாகி இருப்பதைத்தான் சட்டத்தின் பிரிவு 2(எஃப்) தகவல் என்கிறது. பதிவேட்டில் இல்லாத ஒன்றைப் புதிதாக உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமும் 2011இல், தேர்வு விடைத்தாள்கள் தொடர்பான சிபிஎஸ்இ வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே 'ஏன்' என்று கேட்காதீர்கள். காகிதத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

சாலைப் பணிக்கு இருக்கும் காகிதங்கள் இவை: மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி விவரம், ஒப்பந்தம், பணி ஆணை, அளவுப் புத்தகம், பட்டியல் தொகை வழங்கிய விவரம், தரப் பரிசோதனை அறிக்கை, பணி நிறைவுச் சான்று. இவை எல்லாவற்றிலும் முக்கியமானது அளவுப் புத்தகம். அலுவலகத்தில் 'எம் புக்' என்பார்கள். பொறியாளர் நேரில் அளந்து நீளம், அகலம், கனம் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடும் புத்தகம் அது. பில் தொகை அதிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது. 100 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம், 15 செ.மீ. கனம் என்று அதில் இருந்தால் கான்கிரீட் 52.5 கன மீட்டர். உடைந்த ஓரத்தில் டேப் வைத்துப் பார்க்கையில் கனம் 10 செ.மீ.தான் என்றால் 35 கன மீட்டர். மூன்றில் ஒரு பங்கு கான்கிரீட் போடாமலே பணம் போயிருக்கிறது என்று அர்த்தம். ஓர் இடத்தை மட்டும் அளந்து இப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். பெயர்ந்த நாலைந்து இடங்களில் அளந்து, டேப் தெரியும்படி படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாக முக்கியமானது ஒப்பந்தத்தில் உள்ள குறைபாட்டுப் பொறுப்புக் காலம். வேலை முடிந்து குறிப்பிட்ட காலத்துக்குள் சாலை பழுதானால் ஒப்பந்ததாரர் சொந்தச் செலவில் சரிசெய்ய வேண்டும். அதற்கு ஈடாக அவருடைய வைப்புத்தொகையை அலுவலகம் பிடித்து வைத்திருக்கும். இதை மட்டும் தவறவிட்டுவிடாதீர்கள். உங்கள் தெருவுக்கு மறுபடி நல்ல சாலை வர உள்ள குறுக்குவழி இதுதான். ஆகவே அந்த நிபந்தனை உள்ள பக்கம், காலம் முடியும் தேதி, வைப்புத்தொகை எவ்வளவு, அது திருப்பித் தரப்பட்டுவிட்டதா என்பதற்கான பதிவு என நான்கையும் கேளுங்கள். காலம் முடிந்து, பணமும் திரும்பிப் போய்விட்டால் அலுவலகத்துக்குப் பிடிமானம் இருக்காது.

மனுவில் ஒரு பணியைப் பற்றி மட்டும் கேளுங்கள். தெருப் பெயர், வார்டு எண், எந்த ஆண்டு, தெரிந்தால் திட்டத்தின் பெயர் இவை வேண்டும். "கடந்த 10 ஆண்டில் போட்ட எல்லாச் சாலைகளும்" என்று கேட்டால், திரட்டித் தர அலுவலகத்தின் ஆள்பலம் பெருமளவில் செலவாகும் என்று பிரிவு 7(9)ஐக் காட்டுவார்கள். உண்மையில் அந்தப் பிரிவு மறுப்பதற்கானது இல்லை, வேறு வடிவில் கொடுப்பதற்கானது. ஆனாலும் அந்த வாதத்தில் மாதங்கள் கரைந்துவிடும்.

கடைசி வரியாக இதையும் சேருங்கள்: "மேற்கண்ட கோப்பை நேரில் பார்வையிடவும், குறிப்பிடும் பக்கங்களின் சான்றிட்ட நகல் பெறவும், சாலைப் பொருளின் சான்றிட்ட மாதிரி பெறவும் பிரிவு 2(ஜே)-இன்படி அனுமதிக்கவும்." பொருளின் மாதிரி கேட்கும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. நேரில் பார்ப்பது நகல் கேட்பதைவிட நல்லது என்பது என் உறுதியான கருத்து. கோப்பில் எந்தக் காகிதம் இருக்கிறது, எது இல்லை என்பது அங்கேதான் தெரியும். முதல் மணி நேரத்துக்குக் கட்டணமும் கிடையாது.

முகவரியில் ஆளின் பெயர் வேண்டாம். "பொதுத் தகவல் அலுவலர்" என்று எழுதினால் போதும். கிராம ஊராட்சிச் சாலைக்கு வட்டார வளர்ச்சி அலுவலகம், நகராட்சி மாநகராட்சிச் சாலைக்கு அந்தந்த அலுவலகம். அலுவலகம் மாறிப்போனாலும் பிரிவு 6(3)-இன்படி 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே அனுப்பிவைக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களுக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை மனுவில் ஒட்டுவதுதான் வழக்கம். மத்திய அரசு அலுவலகத்துக்கு இந்த வில்லை செல்லாது, 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைக்க வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் சான்று வைத்தால் கட்டணமே இல்லை. மாநில அரசின் ஆர்டிஐ இணையதளம் வழியாகவும் அனுப்பலாம். சங்கத்தின் லெட்டர்பேடில் எழுதாதீர்கள். உரிமை குடிமகனுக்கு என்பதால், உங்கள் பெயரிலேயே கையெழுத்திடுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லவும் தேவையில்லை, பிரிவு 6(2). அஞ்சலில் அனுப்பினால் ஒப்புகையோடு அனுப்புங்கள். மனு அவர்கள் கைக்குப் போய்ச்சேர்ந்த நாளிலிருந்துதான் 30 நாள் கணக்கு.

நகலுக்குப் பணம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தால் உடனே கட்டுங்கள். தமிழ்நாட்டில் சாதாரண அளவுப் பக்கம் ஒன்றுக்கு 2 ரூபாய். அந்தக் கடிதம் அனுப்பிய நாள் முதல் நீங்கள் பணம் கட்டும் நாள் வரை அந்த 30 நாளில் சேராது. நீங்கள் தாமதித்தால் உங்களுக்குத்தான் நஷ்டம். 30 நாள் கடந்த பிறகு கொடுத்தால் பிரிவு 7(6)-இன்படி இலவசமாகவே தர வேண்டும்.

மறுப்புகள் சில திரும்பத் திரும்ப வரும். "மூன்றாம் நபர் தகவல்" என்பார்கள்; ஒப்பந்ததாரர் ரகசியம் என்று கருதுவதற்கு மட்டுமே பிரிவு 11 பொருந்தும், அதிலும் முடிவெடுப்பது தகவல் அலுவலர்தான், ஒப்பந்ததாரர் அல்ல. "வணிக ரகசியம்" என்பார்கள். பொதுப்பணத்தில் முடிந்துபோன வேலையின் அளவுகளை வெளியிட்டால் யாருடைய போட்டித் திறனும் கெடாது. "விசாரணை நடக்கிறது" என்பார்கள். தகவல் தருவது அந்த விசாரணைக்கு எப்படி இடைஞ்சல் என்று எழுதச் சொல்லுங்கள், விசாரணையைக் காட்டி மறுக்க இடம் தரும் பிரிவு 8(1)(ஹெச்) கேட்பது அதைத்தான். "தனிநபர் தகவல்" என்ற மறுப்பு இனி அதிகமாகலாம். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தகவலை மறுக்க இடம் தரும் பிரிவு 8(1)(ஜே)-யைத் திருத்தி, அதில் இருந்த பொதுநலன் விதிவிலக்கை எடுத்துவிட்டது. மக்களுக்கு விரோதமான திருத்தம் இது. ஆனால் பொதுநலன் மேலோங்கினால் தரலாம் என்கிற 8(2) அப்படியே இருக்கிறது. மேல்முறையீட்டில் அதை எழுதுங்கள்.

30 நாளில் பதில் வராவிட்டால் அது மறுப்புக்குச் சமம். அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளிலோ, காரணம் எழுதி 45 நாளுக்குள்ளோ அவர் முடிவு சொல்ல வேண்டும். அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அலுவலருக்கு அபராதம் போட ஆணையத்தால் முடியும். ஆனால் ஆணையத்தில் முறை வர வெகுகாலம் ஆகும்; அதற்குள் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிந்துவிடலாம். அதனால்தான் முதல் மனுவையே மறுக்க இடமில்லாமல் எழுதுங்கள் என்று இவ்வளவு சொல்கிறேன்.

ஒப்பந்ததாரர் செல்வாக்குள்ளவர் என்றால் தனியாளாகப் போடாதீர்கள். குஜராத்தில் கிர் காட்டுப் பகுதியின் சட்டவிரோதச் சுரங்கங்களை எதிர்த்த ஆர்டிஐ ஆர்வலர் அமித் ஜெத்வா 2010இல் அகமதாபாத்தில் உயர் நீதிமன்றத்தின் எதிரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரே மனுவைத் தெருவில் ஐந்தாறு பேர் தனித்தனியாக அனுப்பினால் யாரும் தனியே அடையாளப்பட மாட்டார்கள்.

நகல் கைக்கு வந்ததும், அளவுப் புத்தகத்தின் அளவையும் நீங்கள் அளந்ததையும் ஒரே தாளில் அருகருகே எழுதுங்கள். படங்களோடு திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுத்து, குறைபாட்டுப் பொறுப்பு நிபந்தனைப்படி ஒப்பந்ததாரரைக் கொண்டே சரிசெய்யுமாறு கேளுங்கள். மனு எண்ணை வாங்காமல் வராதீர்கள். கிராமம் என்றால் அடுத்த கிராமசபையிலும் வாசித்துத் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். சில நாள் கழித்து அந்தத் தீர்மானத்தின் சான்றிட்ட நகலையும் இதே 10 ரூபாய் மனுவில் கேட்டு வாங்கிவிடுங்கள்.