நெப்போலியனுக்கு 160 ஆண்டுகள் முன்பே பிரமிடை அளந்த வானியலாளர்

கேள்வி: நெப்போலியன் படையோடு போன அறிஞர்களுக்கு முன்னால் பிரமிடுகளை யாராவது ஒழுங்காக ஆராய்ந்திருக்கிறார்களா?

ஆராய்ந்திருக்கிறார்கள். நெப்போலியன் எகிப்தில் இறங்கியது 1798இல். அதற்கு சுமார் 160 ஆண்டுகள் முன்பே ஜான் கிரீவ்ஸ் என்ற ஆங்கிலேயர் பத்தடி அளவுகோலும் கையுமாகப் பெரிய பிரமிடுக்குள் போய் வந்துவிட்டார். நில அளவை வேலையில் இருப்பதால் எனக்கு அந்த மனிதர்மேல் தனிப் பிரியம் உண்டு. பதில் கொஞ்சம் நீண்டால் அதுதான் காரணம்.

பிறந்தது 1602இல், ஹாம்ப்ஷயரின் கோல்மோர் என்ற ஊரில். அப்பா பாதிரியார். ஆக்ஸ்போர்டில் படிப்பு, அப்புறம் லண்டன் கிரெஷாம் கல்லூரியில் வடிவியல் பேராசிரியர் வேலை. அதோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். அவரோ அரபியும் பாரசீகமும் கற்கப் போனார். பழங்கால கிரேக்க வானியலாளர் தாலமியும் அவருக்குப் பின் வந்த இஸ்லாமிய வானியலாளர்களும் எழுதி வைத்த கணிப்புகளைத் தன் காலத்துக் கணிப்புகளோடு ஒப்பிட வேண்டும் என்றால் இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும். அவர்கள் எந்த இடத்தில் நின்று வானத்தைப் பார்த்தார்கள்? அவர்கள் சொன்ன முழமும் அடியும் எவ்வளவு நீளம்? இரண்டில் எது பிசகினாலும் கணக்கு மொத்தமும் கோவிந்தா. பழம்பொருள் ஆராய்ச்சி அவருக்குப் பொழுதுபோக்கு இல்லை, வானியலின் பாதி வேலையே அதுதான்.

1637இல் நண்பர் எட்வர்டு போகாக்குடன் கான்ஸ்டான்டிநோபிளுக்கு (இன்றைய இஸ்தான்புல்) கப்பலேறினார். கேன்டர்பரி பேராயர் வில்லியம் லாடின் ஆதரவு இருந்தது. லாடுக்கும் கீழை நாட்டுச் சுவடிகள் வேண்டியிருந்தன. சுல்தானின் அரண்மனை நூலகத்திலிருந்து ஒரு குதிரைப்படை வீரன் சுட்டுக்கொண்டு வந்ததாகச் சொல்லப்பட்ட அல்மஜெஸ்ட் (தாலமியின் வானியல் நூல்) பிரதி ஒன்றுகூட கிரீவ்ஸ் கைக்கு வந்தது. (பேராயரின் ஆதரவில் போனவருக்குத் திருட்டுப் புத்தகம். அந்தக் காலத்துச் சுவடி வேட்டை அப்படித்தான் நடந்தது.) அந்த நகரத்தின் அட்சரேகையைத் தாலமி 43 பாகைக்கு மேல் என்று எழுதியிருந்தார். கிரீவ்ஸ் தன் கருவியால் பார்த்தபோது 41 பாகை 6 கலை (ஒரு பாகைக்கு 60 கலை) வந்தது. இன்றைய கணக்கும் 41தான்.

அப்புறம் அலெக்சாந்திரியா, அங்கிருந்து கெய்ரோ. அதுவரை பிரமிடு பற்றிப் பலர் சொல்லிக்கொண்டிருந்தது, பைபிளில் வரும் யோசேப்பு பஞ்ச காலத்துக்குக் கட்டிய தானியக் களஞ்சியம் என்ற கதையை. கிரீவ்ஸ் அதை ஒதுக்கினார். கிரேக்க ஆசிரியர்களையும் அரபு ஆசிரியர்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, இவை அரசர்களின் கல்லறைகள் என்று வாதிட்டார். அதோடு விடாமல், 10,000 பாகங்களாகப் பிரித்த பத்தடிக் கோலோடு உள்ளே நுழைந்தார். ஒரு அடிக்கும் மேல் நீளமான வௌவால்கள் இருந்தன என்று அருவருப்போடு எழுதியிருக்கிறார்.

அளவு எப்படி வந்தது? வெளியே அடித்தளப் பக்கத்தை 693 அடி என்றார். உண்மையில் 756 அடி. அடிவாரம் மணலிலும் இடிபாட்டிலும் புதைந்து கிடந்தது, மூலையே தெரியாத இடத்தில் யார் அளந்தாலும் இதுதான் கதி. ஆனால் உள்ளே அரசரின் கல்பெட்டி இருக்கும் ‘அரசர் அறை’யின் நீளம் 34.38 அடி என்று எழுதினாரே, அங்கேதான் நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். பின்னாளில் ஐசக் நியூட்டன் அந்த அறை 20 முழத்துக்கு 10 முழம் என்று எடுத்துக்கொண்டு, கிரீவ்ஸின் எண்ணிலிருந்து எகிப்திய முழத்தைக் கணக்கிட்டார். வகுத்துப் பாருங்கள், 1.719 அடி, அதாவது 52.4 செ.மீ. எகிப்திய அரச முழத்துக்கு இன்று சொல்லும் நீளமும் அதுதான்.

இன்னொன்றும் செய்தார். பழைய நாடுகள் தங்கள் அளவுகளை அழியாத கட்டடம் எதனோடாவது ஒப்பிட்டுக் குறித்து வைத்திருந்தால் நாம் இப்படித் திண்டாட வேண்டியதில்லையே என்று யோசித்து, தன் காலத்து அடி எவ்வளவு என்பதைப் பின்னால் வருபவர்கள் தெரிந்துகொள்ள இந்த அறையின் அளவையே சான்றாக விட்டுவிட்டுப் போனார். அளவுகோல் தொலையும், பிரமிடு தொலையாது என்ற கணக்கு.

ஊர் திரும்பியபின் நடந்த ஒரு சுவையான பேச்சும் 1646இல் வந்த அவருடைய ‘பிரமிடோகிராஃபியா’வில் உண்டு. ரத்த ஓட்டத்தைக் கண்டறிந்த வில்லியம் ஹார்வி, உள்ளே காற்றுப் போக ரகசியக் குழாய்கள் இருந்தாக வேண்டுமே என்று கேட்டார். உள்ளேயும் வெளியேயும் அப்படி எதுவும் காணவில்லை என்றார் கிரீவ்ஸ். கண்ணில் படாத அளவு சிறியதாக இருக்கலாமே என்று ஹார்வி விடவில்லை. வேடிக்கை என்னவென்றால், அரசர் அறைச் சுவர்களில் எதிரெதிராக இருந்த இரண்டு துளைகளை கிரீவ்ஸ் பார்த்து, கறுத்திருப்பதால் விளக்கு வைக்கும் இடம் என்று எழுதியிருந்தார். அவை வெளிமுகம்வரை போகும் குழாய்கள். 1837இல் ஹோவர்ட் வைஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளரின் குழுவினர் அடைப்பை நீக்கியதும் உள்ளே காற்று வந்தது. காற்றுக்காகத்தான் வைத்தார்களா என்பது வேறு விவாதம்.

மீதி வாழ்க்கை, இங்கிலாந்தில் அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் சிக்கியது. 1643இல் ஆக்ஸ்போர்டில் சவீலியன் வானியல் பேராசிரியரானார். நாற்பது ஆண்டுகளுக்கு லீப் நாளே இல்லாமல் விட்டால் இங்கிலாந்தின் பழைய ஜூலியன் நாட்காட்டியில் சேர்ந்துவிட்ட பத்து நாள் பிசகு தானாகவே சரியாகிவிடும் என்று 1645இல் ஒரு யோசனை சொன்னார். போர் நடக்கும்போது யார் கேட்பார்கள்? கடைசியில் 1752இல் இங்கிலாந்து 11 நாளை ஒரேயடியாக வெட்ட வேண்டி வந்தது. அரசர் பக்கம் நின்றதால் 1648இல் பதவி போனது, படைவீரர்கள் கையில் காகிதங்கள் பலவும் போயின. அவர் இடத்துக்கு வந்த சேத் வார்டு, பாக்கிச் சம்பளம் கிடைக்க உதவினார் என்பது ஆறுதல். லண்டனில் ஒரு பாரசீக இலக்கணமும் சமர்கந்தை ஆண்ட வானியலாளர் உலுக் பெக்கின் அட்டவணைகளும் வெளியிட்டார். 1652இல், ஐம்பது வயதில், இறந்தார்.

படிக்க ஆசைப்பட்டால் ‘பிரமிடோகிராஃபியா’வில் தொடங்குங்கள், சின்னப் புத்தகம்தான். ரோமானிய அடியையும் தினாரியஸ் நாணயத்தையும் பற்றி 1647இல் எழுதியதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். 1737இல் வந்த இரண்டு தொகுதிகளில் நியூட்டனின் முழக் கட்டுரையும் சேர்ந்தே இருக்கிறது.