சைடு வீல் ஸ்கூட்டருக்கு ஃபைனான்ஸ் எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 57. கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் 24,000 ரூபாய். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்ததில் இடது கால் பலவீனமாகிவிட்டது. நடமாட்டம் இருக்கிறது. ஆனால் பைக்கை நிறுத்திக் காலை ஊன்றும்போது இரண்டு முறை சாய்ந்து விழுந்துவிட்டேன். ஏழு வருடப் பழைய 100 சிசி பைக் அது. அதிலேயே சைடு வீல் மாட்ட ஒர்க்‌ஷாப்பில் 22,000 கேட்கிறார்கள். புது ஸ்கூட்டர் என்றால் ஆன்ரோடு 1,05,000, சைடு வீல் தனி. டீலர் 20,000 முன்பணம் வாங்கிக்கொண்டு, வீலையும் சேர்த்து 36 மாதம் 3,865 ரூபாய் தவணை போட்டுத் தருகிறேன், வட்டி 10 சதவீதம்தான் என்கிறார். பழைய பைக்குக்கு எக்ஸ்சேஞ்சில் 18,000 கிடைக்கும். வங்கியில் 1,50,000, 1,00,000 என இரண்டு ஃபிக்சட் டெபாசிட் உள்ளன. இரண்டாவது நான்கு மாதத்தில் முடிகிறது. மகன், பழைய கார் ஒன்று 2,20,000-க்கு வருகிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறான். சைடு வீல் வண்டியில் போனால் ஊரில் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கமும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: கடைசியில் சொன்ன தயக்கத்தை முதலில் பேசிவிடுகிறேன். இரண்டு முறை விழுந்தவருக்கு மூன்றாவது முறை இடுப்பெலும்பு உடைந்தால், நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் இரண்டரை லட்சமும் மருத்துவமனைக்குப் போதாமல் போகலாம். அதனால் இந்த வாரமே பைக்கை எடுப்பதை நிறுத்துங்கள். வண்டி தயாராகும்வரை ஆட்டோவுக்கு ஆகும் செலவைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

பழைய பைக்கில் வீல் மாட்டுவது மலிவாகத் தெரிகிறது. ஆனால் கியர் மிதிப்பது இடது கால். பலவீனமான காலுக்கு அதே வேலையைக் கொடுத்துவிட்டு 22,000 செலவழிப்பதில் பொருளில்லை. கியர் இல்லாத, செல்ஃப் ஸ்டார்ட் ஸ்கூட்டர்தான் உங்களுக்கு. செகண்ட் ஹேண்டில் பாதி விலைக்குக் கிடைக்குமே என்று தோன்றலாம். வேறு யாராவது கேட்டிருந்தால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் வழியில் வண்டி நின்றால் மற்றவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள், உங்களால் முடியாது. அதற்காகத்தான் புது வண்டி. சைடு வீல் வண்டியைத் திரும்ப விற்கப் போனால் வாங்க ஆள் குறைவு என்பதால் பத்து வருடம் வைத்துக்கொள்வதாக நினைத்தே வாங்குங்கள்.

காரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிளட்ச் இடது காலில் இருக்கிறது. ஆட்டோமேட்டிக் வண்டி அந்த விலைக்கு நல்ல நிலையில் கிடைப்பது கடினம். கிடைத்தாலும் பெரிய கடை வீதிப் பக்கம் தினமும் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருக்க வேண்டும். சேமிப்பும் அதோடு காலி. மகன் அக்கறையில் சொல்கிறார். அந்த அக்கறையை ஆர்டிஓ ஆபீஸுக்கும் மருத்துவமனைக்கும் உடன் வருவதில் காட்டச் சொல்லுங்கள்.

இனி தவணைக் கணக்கு. டீலர் சொல்லும் 10 சதவீதம் ஃபிளாட் வட்டி. வண்டி 1,05,000, வீல் 22,000, சேர்த்து 1,27,000. முன்பணம் போக கடன் 1,07,000. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வரும். ஆனால் அவர் மூன்று வருடமும் முழு 1,07,000-க்கும் வட்டி போடுகிறார். 3,865 வீதம் 36 மாதம் கட்டினால் 1,39,140. வட்டி மட்டும் 32,140. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி ஆண்டுக்குச் சுமார் 18 சதவீதம். டெபாசிட்டில் அதில் பாதிகூட உங்களுக்குக் கிடைக்காது.

அதற்குப் பதில் இப்படிச் செய்யுங்கள். நான்கு மாதத்தில் முடியும் ஒரு லட்சம் டெபாசிட்டை உடைக்க வேண்டாம். அதன் மேல் 90,000 கடன் கேளுங்கள். பெரும்பாலான வங்கிகள் டெபாசிட் வட்டியைவிட 1 அல்லது 2 சதவீதம் கூடுதலாக வைத்து, டெபாசிட் தொகையில் 90 சதவீதம் வரை தருகின்றன. டெபாசிட்டுக்கு வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும் என்பதால், 2 சதவீத வித்தியாசம் என்று வைத்தாலும் நான்கு மாதத்துக்கு உங்கள் கையிலிருந்து போவது 600 ரூபாய். அந்த 90,000, பைக்கின் 18,000, முன்பணத்துக்கு வைத்திருந்த 20,000 சேர்ந்தால் 1,28,000. வேலை முடிந்தது. டெபாசிட் முதிரும்போது கடன் தானாக அடையும்.

தவணையாகக் கட்டத் தயாராக இருந்த 3,865 ரூபாயை ரெக்கரிங் டெபாசிட்டில் போடுங்கள். 26 மாதத்தில் அந்த ஒரு லட்சம் திரும்ப வந்துவிடும். ஒன்றரை லட்சம் டெபாசிட்டை மட்டும் எதற்கும் தொடாதீர்கள். ஒரு முறை பக்கவாதம் வந்தவர் வீட்டில் ஆறு மாதச் செலவுக்காவது பணம் இருக்க வேண்டும்.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது காகிதங்கள். என் பெரியப்பா சில வருடங்களுக்கு முன் தெரிந்த மெக்கானிக்கிடம் சைடு வீல் மாட்டிக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வேன் இடித்து வண்டி நசுங்கியதும் இன்ஷூரன்ஸில் கேட்டார். சர்வேயர் வந்து பார்த்தார். ஆர்சியில் இருப்பது ஒரு வண்டி, ரோட்டில் நிற்பது வேறு வண்டி என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. தவணை தவறாமல் பிரீமியம் கட்டிய மனிதர் அவர். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை, ஏனென்றால் அந்த பாலிசியைப் போட்டுக் கொடுத்தவன் நான். வண்டியில் ஏதாவது மாற்றம் செய்தீர்களா என்று அவரை நான் கேட்டிருக்க வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, உடல் குறைபாடு உள்ளவர் தன் பயன்பாட்டுக்காக வண்டியை மாற்றியமைக்க இடம் தருகிறது. ஆனால் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதலில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 2019 திருத்தத்தின்படி 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு.

எல்லாவற்றுக்கும் அடிப்படை மாற்றுத்திறனாளி சான்று. பக்கவாதத்தால் கால் பாதித்ததும் இதில் சேரும். அரசு மருத்துவமனையில் மருத்துவர்கள் பரிசோதித்து சதவீதம் எழுதுவார்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் பெரும்பாலான சலுகைகளுக்கு வழி திறக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யுடிஐடி அட்டைக்கும் அப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். சான்று கையில் வரும்வரை ஸ்கூட்டருக்குப் பணம் கட்டாதீர்கள்.

சான்று வந்தபின், வண்டியைப் பதிவு செய்வதற்கு முன்பே வீலைப் பொருத்தி, ஆய்வாளரிடம் காட்டி, முதல் ஆர்சியிலேயே மாற்றியமைத்த வண்டி என்று வரும்படி டீலரிடம் பேசுங்கள். வண்டி உங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும். மகன் பெயரில் வேண்டவே வேண்டாம். தமிழ்நாட்டில் புது இருசக்கர வண்டிக்கு ஒரு லட்சம் வரை விலை என்றால் 10 சதவீதம் வாழ்நாள் வரி. மாற்றுத்திறனாளி வண்டிக்கு அதில் விலக்குக் கேட்டு ஆர்டிஓ ஆபீஸில் எழுதிக் கொடுங்கள். வரியே எட்டாயிரத்துக்கு மேல் வரும். வீல் கிட், ஏஆர்ஏஐ போன்ற வாகனச் சோதனை நிறுவனத்தின் சான்று பெற்றதாகவும் உங்கள் ஸ்கூட்டர் மாடலுக்கானதாகவும் இருக்கட்டும். பில் இல்லாமல் வாங்காதீர்கள். மாற்றுத்திறனாளி வண்டிக்கான இந்தக் கிட்டுக்கு ஜிஎஸ்டியை 2021 செப்டம்பரில் 5 சதவீதமாகக் குறைத்தார்கள். பில்லில் அதற்கு மேல் போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

இன்ஷூரன்ஸ் போடும்போது மாற்றியமைத்த வண்டி என்று பாலிசியிலேயே எழுதச் சொல்லுங்கள். வீல் கிட்டின் மதிப்பும் அதில் சேரட்டும். சொந்த சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதத் தள்ளுபடி கேட்கலாம். ஸ்கூட்டருக்கு அது சில நூறு ரூபாய்தான். இருந்தாலும் அந்தத் தள்ளுபடி பாலிசியில் ஏறியிருந்தால், மாற்றத்தைச் சொல்லவில்லை என்று நாளைக்கு யாரும் கைவிரிக்க முடியாது. லைசென்ஸிலும் மாற்றியமைத்த வண்டிக்கான வகையைச் சேர்க்க வேண்டும். ஓட்டுபவருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பு, செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால்தான் கிடைக்கும்.

அரசு தரும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டரில் இரண்டு கால்களும் பாதித்தவர்களுக்குத்தான் முதலிடம். தஞ்சாவூரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் கொடுங்கள், ஆனால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

ஓட்டுவதில் ஒன்று. சைடு வீல் வண்டி வளைவில் சாயாது. பைக்கில் பழகிய உடம்பு சாய்க்கப் பார்க்கும், வண்டி வெளிப்பக்கம் தள்ளும். முதல் இரண்டு வாரம் காலி மைதானத்தில் மெதுவாகத் திருப்பிப் பழகுங்கள். பின்னால் தள்ளுவதும் சிரமம் என்பதால் கடை வாசலில் முன்பக்கமாகவே வெளியே வரும்படி நிறுத்துங்கள்.

ஃபைனான்ஸ் வேண்டாம் என்றதும் டீலர் எக்ஸ்சேஞ்ச் விலையைக் குறைக்கப் பார்க்கலாம். குறைத்தால் பைக்கை வெளியில் விற்றுவிடுங்கள். இரண்டாயிரம் குறைந்தே போனாலும் அந்தத் தவணையின் வட்டியில் கிட்டத்தட்ட முப்பதாயிரம் மிச்சம்.