மெனு அட்டையில் அண்ணன் படம் – கடிதம்

அன்புள்ள சார்,

நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். அண்ணன் பாகூர் பக்கம் நெல் போடுகிறார், கூடவே கீரை, கத்திரி, வெண்டை. காயெல்லாம் மண்டிக்குத்தான் போகிறது. போன மாதம் ஈசிஆரில் உள்ள ஒரு உணவகத்திலிருந்து வந்து நிலத்தைப் பார்த்தார்கள். தோட்டத்திலிருந்து நேராகத் தட்டுக்கு என்று நடத்துகிறார்களாம். மருந்தடிக்காமல் அவர்கள் சொல்கிற பயிரை வைத்துக் கொடுத்தால் மண்டியைவிடக் கூடுதல் விலை தருவார்களாம், மெனு அட்டையில் அண்ணன் படமும் பெயரும் போடுவார்களாம். தட்டுகூட வில்லியனூர்க் குயவர் செய்ததுதான் என்று பெருமையாகச் சொன்னார்கள். அண்ணனுக்கு ஆசை. எனக்கு நம்பிக்கை இல்லை. அங்கே ஒரு சாப்பாடு 750 ரூபாய், அதில் கத்திரிக்காய்க்கு என்ன கிடைக்கும் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது. இது வெளியூர்க்காரர்களுக்குப் போடுகிற வேஷமா, நிஜமா?

வெ.

அன்புள்ள வெ.,

இரண்டும் உண்டு. 2016-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் லாரா ரெய்லி என்ற பத்திரிகையாளர், உள்ளூர்ப் பண்ணைப் பெயர்களைப் பலகையில் எழுதிவைத்திருந்த உணவகங்களை எடுத்துக்கொண்டு, அந்தப் பண்ணைகளையே கூப்பிட்டு விசாரித்து டாம்பா பே டைம்ஸில் எழுதினார். சரக்கே போகாத இடங்களிலெல்லாம் பண்ணையின் பெயர் மட்டும் பலகையில் இருந்தது தெரியவந்தது. ஆனால் அது சாப்பிட வருகிறவர் ஏமாறுகிற கதை. உங்கள் அண்ணன் விஷயத்தில் நான் பார்ப்பது வேறு: நஷ்டம் வந்தால் அது யார் தலையில் விழும்?

750 ரூபாய்க்கு வயிறு எரிய வேண்டாம். உணவகத் தொழிலில் சமையல் பொருளின் செலவு பொதுவாக விலையில் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் நிற்கும், மீதி வாடகை, சம்பளம், கேஸ், கரண்ட், வீணாகிறது என்று போய்விடும். தட்டின் விலையோடு ஒப்பிட்டால் எந்த விவசாயிக்கும் கோபம்தான் வரும். ஒப்பிட வேண்டியது மண்டியோடு.

மண்டியைத் திட்டுவது சுலபம், நானும் திட்டியிருக்கிறேன். ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும், பத்து கிலோ கொண்டுபோனாலும் இரண்டு மூட்டை கொண்டுபோனாலும் மண்டி எடுத்துக்கொள்கிறது, சொத்தையும் கோணலும் இரண்டாம் தரமாகவாவது போகிறது, கமிஷனைப் பிடித்துக்கொண்டு மீதியை அன்றைக்கோ மறுநாளோ கையில் தருகிறார்கள், பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டும் என்றால் முன்பணமும் கிடைக்கும் (அந்த முன்பணம்தான் கயிறு என்பது வேறு விஷயம்). உணவகம் என்ன செய்யும்? சனிக்கிழமை எட்டு கிலோ வெண்டை வேண்டும் என்பார்கள், திங்கள் கடை லீவு. வெண்டைக்கு லீவு கிடையாது. ஒருநாள் பறிக்காமல் விட்டால் முற்றிவிடும். ஒரே அளவாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புவார்கள், பணம் மாதக் கடைசி, சில இடங்களில் அதற்கும் அடுத்த மாதம். கிலோவுக்குக் கூடுதலாகத் தருகிற பத்து ரூபாய் அந்த மிச்சத்திலேயே கரைந்துவிடும்.

"அவர்கள் சொல்கிற பயிர்" என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குப் பயம் அங்கேதான். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படித்தான் ஒரு இடத்தை நம்பி அருகுலா என்ற இலையும் சிவப்பு முள்ளங்கியும் போட்டார். சமையல்காரர் வேலையை விட்டுப் போனார், மெனு மாறியது, அத்தனை இலையும் நிலத்தில் நின்றது. பெரிய மார்க்கெட்டில் அதைக் காட்டினால் மாட்டுக்கா என்று கேட்கிறார்கள். மண்டியிடம் மாட்டிக்கொண்டவருக்கு இன்னொரு மண்டி உண்டு, இவருக்கு அதுவும் இல்லை.

அடுத்தது சீசன். பாண்டிச்சேரியில் உணவகங்கள் நிரம்புவது டிசம்பர் கடைசியில். நம் நிலம் தண்ணீரில் நிற்பது அதற்குச் சற்று முன்னால். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அந்த மாதிரி ஒரு மாதத்தில் கீரையும் கத்திரியும் எங்கிருந்து வரும்? வராது என்று தெரிந்து மெனுவை மாற்றிவைத்திருக்கிறவர் நல்ல கூட்டாளி. காயைக் கோயம்பேட்டிலிருந்து இறக்கிவிட்டு, அட்டையில் அண்ணன் படத்தை அப்படியே விட்டுவைக்கிறவரும் இருப்பார்.

தட்டு விஷயமும் இதேதான். வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, பெருமைப்படட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உணவகம் திறக்கிறவர்கள் பெரும்பாலும் அக்டோபரில் ஓடிவந்து டிசம்பருக்குத் தட்டு கேட்கிறார்கள். மழையில் பச்சை மண் காயாது, ஈரத்தோடு சூளையில் வைத்தால் வெடிக்கும், போதாததற்கு அப்போது கார்த்திகை அகல் வேலை, முடிந்தால் பொங்கல் பானை. தட்டு வேண்டுமென்றால் சித்திரை வைகாசியில் அட்வான்ஸோடு போய் நிற்க வேண்டும். அப்புறம் மெருகு போடாத சுடுமண் எண்ணெயை உறிஞ்சும், கறை போகாது, உடையும், மாற்றுத் தட்டுக்கும் சேர்த்தே விலை பேச வேண்டும். வந்தவர்களிடம் தட்டை எந்த மாதம் செய்யக் கொடுத்தார்கள் என்று கேட்டுப்பாருங்கள்.

சரி, நன்றாக நடக்கிற இடம் எப்படி இருக்கும்? இந்த வகை உணவகத்துக்கு எல்லோரும் முன்னோடியாகச் சொல்வது கலிஃபோர்னியாவில் ஆலிஸ் வாட்டர்ஸ் 1971-ல் தொடங்கிய ஷே பனீஸ். அங்கே கீழ்த்தள உணவகத்தில் வருகிறவர் இஷ்டப்பட்டதைக் கேட்க முடியாது. அன்றைக்கு வந்த சரக்கை வைத்து ஒரே ஒரு விருந்து, நாளைக்கு வேறு. சரக்குக்குத் தக்கபடி சமையல் வளைகிறது. விவசாயி படம் போடாமலே இதைச் செய்யலாம்.

நம் பக்கத்தில் இதற்கு நல்ல சோதனை பண்ருட்டி. சித்தப்பாவுக்கு அங்கே தோப்பு இருக்கிறது. முந்திரிக்கொட்டை போகிறது, முந்திரிப்பழம் மரத்தடியிலேயே அழுகுகிறது. ஒருநாள் தாங்காத பழம், தொண்டையைக் கரகரக்க வைக்கும், அதனால் யாரும் சீந்துவதில்லை. அதைக் காலையில் வந்து அள்ளிக்கொண்டுபோய் உப்புப் போட்டு ஜூஸோ ஊறுகாயோ ஆக்குகிற சமையல்காரர் விவசாயிக்குப் புதிதாக ஒரு வருமானம் தருகிறார். பலாவிலும் அப்படித்தான். காய் நெருக்கமாகப் பிடித்தால் பிஞ்சிலேயே சிலதைக் கழிக்க வேண்டும், மீதி பெருக்கும். கழித்த பிஞ்சை வாங்கிக் கறி சமைக்கலாம், அப்புறம் சுளை, அப்புறம் கொட்டை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அந்தத் தோப்புகளைச் சாய்த்துப்போட்டது, விதையிலிருந்து பலா காய்க்க ஏழெட்டு வருடம் ஆகும். அத்தனை வருடம் அந்தத் தோப்புக்காரரோடு தொடர்பை விடாமல், ஊடுபயிராகப் போட்ட மணிலாவையாவது (வேர்க்கடலைதான்) வாங்கியவர் யாராவது இருந்தால் அவர் பெயரை நான் கொட்டை எழுத்தில் போடுவேன்.

உங்களுக்கே சந்தேகம் தீர வேண்டும் என்றால் மே மாதம் அங்கே போய் மீன் கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை, நாட்டுப்படகில் வருவதுதான் உள்ளூர் மீன். அப்போதும் பெரிய வஞ்சிரம் துண்டு துண்டாகத் தாராளமாகக் கிடைத்தால், மேற்குக் கடற்கரையில் தடை ஜூனில்தான் ஆரம்பிக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள், ஐஸ் பெட்டியில் எங்கிருந்து வந்தது என்று புரியும். அதற்காக அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். உள்ளூர் மீன் என்று சொல்லி விற்றால்தான் பொய்.

அண்ணன் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. நிலத்தில் ஒரு மூலையை மட்டும் இதற்கு ஒதுக்கட்டும், மண்டிக் கணக்கை முடிக்க வேண்டாம். மண்டியிலும் விலைபோகிற பயிராகவே இருக்கட்டும், அவர்கள் கேட்கிற புது இலை வேண்டுமென்றால் விதைக்கும் ஆள்கூலிக்கும் முன்பணம் அவர்கள் தரட்டும். வாரத்துக்குக் குறைந்தது இத்தனை கிலோ எடுப்போம், எடுக்காவிட்டாலும் பணம் உண்டு, வாரக் கடைசியில் கணக்கு என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். அதற்கு முகம் சுளித்தால் மேலே பேச வேண்டாம். அண்ணியிடமும் கேட்டீர்களா? விடியற்காலையில் கீரையைப் பறித்துக் கட்டுவது அவர்களாக இருந்தால், வாரத்துக்கு எத்தனை நாள் கொடுக்க முடியும் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.