குனிந்ததும் கோடு விலகுகிறதா?

கேள்வி: பூல் (கியூ என்ற கோலால் வெள்ளைப்பந்தை அடித்து, மற்றப் பந்துகளை டேபிளின் ஓரக் குழிகளான பாக்கெட்டுகளில் தள்ளும் ஆட்டம்) ஆடுகிறேன். வலது கைப் பழக்கம், கண்ணாடி போடுகிறேன். நின்று பார்க்கும்போது வெள்ளைப்பந்து, அடிக்க வேண்டிய பந்து, பாக்கெட் மூன்றும் ஒரே கோட்டில் தெரிகின்றன. குனிந்ததும் கோடு நகர்ந்துவிடுகிறது. நேர் ஷாட்கூட இடப்பக்கம் போகிறது. கோளாறு கையிலா, கண்ணிலா?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது தலை வந்து இறங்கும் இடத்தைத்தான். தலை கியூவுக்கு மேல் கொஞ்சம் இடமாகவோ வலமாகவோ தங்கிவிட்டால், நேராக இருக்கும் கியூ கோணலாகத் தெரியும். கண் சொன்னதை நம்பிக் கை அதைத் திருத்தும். அந்தத் திருத்தம்தான் பந்தை வெளியே தள்ளுகிறது.

எவ்வளவு சின்ன விலகல் போதும் தெரியுமா? பூல் பந்தின் விட்டம் 57.15 மி.மீ. நேர் ஷாட்டில் வெள்ளைப்பந்து 1 மி.மீ. தள்ளி மோதினால், அடிபட்ட பந்து ஏறக்குறைய 1 பாகை திரும்பும். 1 மீட்டர் ஓடியதும் அது 17 மி.மீ. விலகியிருக்கும். 3 மி.மீ. தள்ளி மோதினால் 5 செ.மீ. விலகும், பந்து பாக்கெட்டின் ஓரத்தில் முட்டித் திரும்பிவிடும்.

உங்கள் தலைக்குரிய இடத்தைக் கண்டுபிடிக்க, டேபிளின் நீளவாக்கில் ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். அதன்மேல் கியூவை வைத்து, நேராக இருக்கிறதா என்று நண்பரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இப்போது கியூவை அசைக்காமல் ஷாட் அடிக்கும் நிலையில் குனிந்து, தலையை மட்டும் மெல்ல இடமும் வலமும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் கியூவும் நூலும் ஒரே கோடாகத் தெரியும். அதுதான் உங்கள் இடம். எதிரிலிருந்து போனில் படமெடுத்தால், கியூ முகத்தின் எந்தப் பகுதிக்குக் கீழே போகிறது என்று தெரிந்துவிடும்.

அது மூக்குக்கு நேர் கீழே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆதிக்கக் கண்ணுக்கு, அதாவது குறிபார்க்கும்போது மூளை அதிகம் நம்பும் கண்ணுக்கு, அடியில்தான் கியூ ஓட வேண்டும் என்று பலர் பிடிவாதமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பலருக்குச் சரியான இடம் இரண்டு கண்களுக்கும் நடுவில் எங்கேயோதான் அமைகிறது. ஸ்னூக்கர் உலகப் பட்டத்தை 15 முறை வென்ற ஜோ டேவிஸுக்கு வலது கண் பார்வை குறைவு. அவர் கியூவை இடது கண்ணுக்குக் கீழே வைத்தே ஆடினார்.

இடம் தெரிந்துவிட்டால் போதாது, ஒவ்வொரு முறையும் தலை அங்கேயே வந்து இறங்க வேண்டும். அதைத் தீர்மானிப்பது கால்கள். பக்கவாட்டிலிருந்து வந்து குனியாதீர்கள். கோட்டுக்குப் பின்னால் நின்று, குறியை அங்கேயே முடிவு செய்யுங்கள். வலது பாதத்தைக் கோட்டின்மேல் வையுங்கள். இடது பாதம் முன்னால், சற்று விலகி நிற்கட்டும். பார்வையைக் கோட்டிலிருந்து எடுக்காமல் நேராகக் குனியுங்கள். குனிந்த பிறகு குறி தவறாகத் தோன்றினால் கையால் சரிசெய்ய வேண்டாம். எழுந்து மறுபடி வாருங்கள். இந்த ஒன்றைத்தான் பலர் செய்வதில்லை.

எவ்வளவு தாழக் குனிவது என்பது உங்கள் முதுகைப் பொறுத்தது. தாழ்ந்தால் கோடு தெளிவாகும். நிமிர்ந்தால் கோணம் தெளிவாகும்.

கண்ணாடியையும் பாருங்கள். தாழக் குனியும்போது பார்வை லென்ஸின் மேல்விளிம்புக்குப் போய், சட்டத்துக்கு வெளியேகூடத் தப்பிவிடும். 1985-இல் ஸ்னூக்கர் உலகப் பட்டம் வென்ற டென்னிஸ் டெய்லர், புருவத்துக்கு மேல் உயர்ந்து நிற்கும் பெரிய கண்ணாடியை அணிந்ததற்கு இதுதான் காரணம். கான்டாக்ட் லென்ஸ் ஒத்துக்கொண்டால் நல்லது. இல்லையென்றால் உயரமான லென்ஸ் உள்ள ஃபிரேமை ஆட்டத்துக்கென்று தனியாக வாங்கி, நூல் சோதனையை அதைப் போட்டுக்கொண்டே செய்யுங்கள்.