பிள்ளைக்கு மைனஸ் பவர் ஏறுகிறதா? பெற்றோரின் கேள்விகளும் ஆப்டோமெட்ரிஸ்டின் (கண் பவர் பார்த்துக் கண்ணாடி எழுதும் நிபுணரின்) பதில்களும்

கேள்வி: மேடம், என் மகளுக்கு எட்டு வயது. போன வருஷம் மைனஸ் 1, இப்போது மைனஸ் 2. கண்ணாடி போட்டதால்தான் பவர் ஏறுகிறது, கழற்றி வை என்கிறார் மாமியார்.

பதில்: கழற்றாதீர்கள் அம்மா. பவர் ஏறுவது கண்ணாடியால் இல்லை, கண் உருண்டை நீள்வதால். பெரியவர்களின் கண் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை சுமார் 24 மி.மீ. இருக்கும். கிட்டப்பார்வை, அதாவது மைனஸ் பவர், உள்ள பிள்ளைக்கு அது அளவுக்கு மீறி நீண்டுவிடுகிறது. அதனால் தூரத்தில் உள்ளதன் பிம்பம், கண்ணின் பின்பக்கத் திரையான விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்து, கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது. ஒரு மி.மீ. கூடுதலாக நீண்டாலே ஏறக்குறைய மைனஸ் இரண்டரை கூடிவிடும். சாதாரணக் கண்ணாடி பிம்பத்தைச் சரியான இடத்தில் விழ வைக்கும், அவ்வளவுதான். அது கண்ணை நீட்டவும் செய்யாது, நீள்வதைத் தடுக்கவும் செய்யாது.

கேள்வி: அப்படியென்றால் பவரைக் கொஞ்சம் குறைத்துப் போட்டால் கண்ணுக்குப் பயிற்சியாக இருக்காதா?

பதில்: இருக்காது. மலேசியாவில் சில பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே குறைந்த பவரில் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். சரியான பவர் போட்டவர்களைவிட அவர்களுக்குத்தான் வேகமாக ஏறியது. 2002-ல் வெளியான ஆய்வு இது. இன்னும் இந்த யோசனையைச் சொல்கிறவர்கள் இருப்பது வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: கடையில் கம்ப்யூட்டரில் பார்த்து என் பையனுக்கு மைனஸ் 1.5 என்றார்கள். ஆஸ்பத்திரியில் மருந்து விட்டுப் பார்த்தால் 0.5 தான் என்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: மருந்து விட்டுப் பார்த்ததை. சின்னப் பிள்ளைகளின் கண் தசை பலமாக இழுக்கும். மெஷினுக்குள் பார்க்கும்போதே பக்கத்தில் பார்ப்பதுபோல் இறுக்கிக்கொள்ளும், இல்லாத மைனஸைக் காட்டும். சொட்டு மருந்து அந்தத் தசையைத் தளர்த்தி உண்மையான பவரைக் காட்டுகிறது. மருந்தைப் பொறுத்து ஒரு நாளோ அதற்கு மேலோ வெளிச்சம் கூசும், புத்தகம் மங்கலாகத் தெரியும். பயப்பட வேண்டாம், மறுநாள் பரீட்சை இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். பிள்ளைக்கு முதல் கண்ணாடி எழுதும்போது இந்தப் பரிசோதனை கட்டாயம் வேண்டும் என்பேன்.

கேள்வி: செல்போனைப் பிடுங்கி வைத்துவிட்டேன். இப்போது நாள் முழுக்கக் கதைப் புத்தகம். இது போதும் இல்லையா?

பதில்: புத்தகம் நல்லதுதான், ஆனால் கண்ணுக்கு அதுவும் பக்கத்துப் பார்வைதான். முழங்கையை மேஜையில் ஊன்றிக் கையைக் கன்னத்தில் வைத்தால் வரும் தூரமாவது புத்தகத்துக்கும் கண்ணுக்கும் இடையில் இருக்கட்டும். படுத்துக்கொண்டு படிக்க வேண்டாம். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து ஜன்னல் வழியாகத் தூரத்தில் பார்க்கட்டும்.

அப்புறம், வெளியே அனுப்புங்கள். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். விளக்கு எரியும் அறையில் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருந்தால் பெரிது. வெளியே மர நிழலில்கூடப் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். அந்த வெளிச்சத்தில் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் கூடுதலாகச் சுரந்து கண் நீள்வதைத் தடுக்கிறது என்று கருதுகிறார்கள். சீனாவின் குவாங்சோவில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் வெளியே ஒரு கூடுதல் வகுப்பு வைத்தார்கள். மூன்று ஆண்டில் அவர்களில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. அந்த வகுப்பு இல்லாத பள்ளிகளில் 39.5 சதவீதம். தைவானில் 2010 முதல் பள்ளிகளே தினம் 120 நிமிடம் வெளியே இருக்கச் சொல்கின்றன. நம் ஊர் வெயிலில் நண்பகலைத் தவிர்த்துவிட்டுக் காலையிலும் மாலையிலும் விளையாட விடுங்கள். டியூஷனுக்காக மாலை விளையாட்டைப் பறிக்காதீர்கள். ஆனால் ஒன்று: கிட்டப்பார்வை வராமல் தள்ளிப்போட இது நன்றாக உதவும். வந்த பிறகு இது மட்டும் போதாது.

கேள்வி: வந்த பிறகு என்ன செய்யலாம்? என் மகளுக்கு அரை வருஷத்திலேயே 0.75 ஏறிவிட்டது.

பதில்: அது வேகம்தான், தள்ளிப்போடாதீர்கள். குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து இருக்கிறது, இரவு படுக்கும் முன் ஒரு சொட்டு. ஹாங்காங்கில் 0.01, 0.025, 0.05 சதவீதம் என்று ஒப்பிட்ட ஆய்வில் 0.05 தான் நன்றாகக் கட்டுப்படுத்தியது. சிலருக்குக் கொஞ்சம் வெளிச்சம் கூசும். எது, எவ்வளவு என்பதைக் கண் டாக்டர்தான் சொல்ல வேண்டும். திடீரென்று நிறுத்தவும் கூடாது. இதற்கென்றே வந்திருக்கும் கண்ணாடிகளும் உண்டு. நடுவில் முழுப் பவர், சுற்றிலும் நுண்ணிய லென்ஸ்கள். விலை கூடுதல்தான், ஆனால் பலன் இருக்கிறது. எல்லாமே வேகத்தைக் குறைப்பவை, ஏறிய பவரை இறக்குபவை அல்ல. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும், முடிந்தால் கண்ணின் நீளத்தையும் சேர்த்து.

கேள்வி: பொன்னாங்கண்ணிக் கீரை, கேரட்?

பதில்: தாராளமாகக் கொடுங்கள், உடம்புக்கு நல்லது. மைனஸ் குறையாது.

கேள்வி: பதினெட்டு வயதில் லேசர் செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்தானே?

பதில்: கண்ணாடி போகலாம். ஆனால் லேசர் கருவிழியின் வளைவைத்தான் மாற்றுகிறது, நீண்ட கண் நீண்டபடியேதான் இருக்கும். மைனஸ் 6-ஐத் தாண்டியவர்களுக்கு விழித்திரை மெலிந்து கிழியும் அபாயம் லேசருக்குப் பிறகும் இருக்கும். அவர்கள் வருஷம் ஒருமுறை விழித்திரையைக் காட்டிவிட வேண்டும். கண்ணில் மின்னல் போல வெட்டுவது, திடீரென்று நிறையக் கரும்புள்ளிகள் மிதப்பது, ஒரு பக்கம் திரை இறங்கியதுபோல் மறைப்பது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.